தெருவை மறித்தால் செயின் பறிப்பும் குறுக்குப் போக்குவரத்தும் குறையுமா? கேட், தூண், குறுக்குத் திண்டு பற்றிய விவாதம்

குறுக்குத்தெரு_5

இடம் சென்னை. இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே ஐந்து குறுக்குத்தெருக்கள். எல்லாமே 30 அடி ரோடு, நீளம் ஏறக்குறைய 400 மீட்டர். இரண்டு பக்கமும் கார் நிறுத்திய பிறகு ஓட மிஞ்சுவது 12, 13 அடிதான். சிக்னலில் நிற்க விரும்பாத வண்டிகளெல்லாம் காலையும் மாலையும் இதற்குள்தான் புகுந்து போகின்றன. இது போக, செயின் பறிப்பு நடந்ததிலிருந்து தெருப் பெண்கள் விடியற்காலையில் கோலம் போட வெளியே வரவே யோசிக்கிறார்கள்.

நான்கு தெருக்களின் கிழக்கு முனையில் இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிடலாம், ஐந்தாவதில் மட்டும் வாட்ச்மேனை உட்கார வைக்கலாம் என்று நலச் சங்கம் முடிவுசெய்யப் பார்க்கிறது. பாதிப் பேர் ஆதரவு, பாதிப் பேர் எதிர்ப்பு. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேட் போட்டால் இரண்டு பிரச்சினையும் தீருமா?

சாலைக்கோடு

சார், குறுக்கே பாயும் வண்டிகள் ஒரு பிரச்சினை, குற்றம் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே கேட் மருந்தாகுமா என்பது, ஒவ்வொன்றிலும் எந்த வண்டி வருகிறது என்பதைப் பொறுத்தது. அதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

தெருவின் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு பேர் நிற்கட்டும். உள்ளே வரும், வெளியே போகும் ஒவ்வொரு வண்டிக்கும் நம்பர் பிளேட்டின் கடைசி நான்கு இலக்கம், வண்டி வகை, மணி, நிமிடம் எழுத வேண்டும். 400 மீட்டரை 20 கி.மீ. வேகத்தில் கடக்க 72 விநாடி போதும். ஆகவே ஒரு முனையில் நுழைந்த எண் மூன்று நிமிடத்துக்குள் மறுமுனையில் வெளியேறினால் அது கடந்துபோன வண்டி. அப்படி மறுமுனையில் வெளியேறாத எண் உங்கள் தெருவுக்கே வந்தது. இரண்டு வாரநாள், ஒரு சனிக்கிழமை, காலை 8–10, மாலை 5–8 எடுத்தால் போதுமான படம் கிடைக்கும். எண்ணுகிறவர்கள் கண்ணில் படாமல் நிற்க வேண்டும். பளபளக்கும் மேல்சட்டையோடு நின்றால் போலீஸ் என்று நினைத்து வண்டிகள் வேறு தெருவில் திரும்பிவிடும், கணக்கு கெட்டுப்போகும்.

வேகத்துக்குத் தரையில் 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு, கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். 3.6 விநாடியில் கடந்தால் 30 கி.மீ., 2.7 விநாடியில் கடந்தால் 40. சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். நூறு வண்டியில் வேகமான பதினைந்து என்ன வேகத்தில் போகிறது என்று பாருங்கள். ஆளை அடிப்பது அந்தப் பதினைந்துதான்.

ஒஹையோ_தமிழ்

இந்த யோசனையை முழுமையாகச் செய்து பார்த்த இடம் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரத்தின் ஃபைவ் ஓக்ஸ் பகுதி. ஏறக்குறைய 2,000 குடும்பங்கள். போதைப்பொருள் வாங்க வருகிறவர்கள் காரிலேயே புகுந்து, வாங்கிக்கொண்டு, மறுபக்கம் வெளியேறிவிடுவார்கள். கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் 1990களின் தொடக்கத்தில் அந்தப் பகுதியைப் பத்துக் குட்டிப் பேட்டைகளாகப் பிரித்தார். 35 தெருக்கள் வண்டிக்கு அடைக்கப்பட்டன, பின்சந்துகளும் அடைக்கப்பட்டன. ஒவ்வொரு பேட்டைக்கும் உள்ளே வர ஒரே வாசல், வந்த வழியே வெளியேற வேண்டும். நடந்து போகிறவருக்கு எல்லா இடமும் திறந்தே இருந்தது.

ஓராண்டுக்குப் பிறகான கணக்கில் குறுக்குப் போக்குவரத்து 67 சதவீதம் குறைந்தது. மொத்தக் குற்றம் 26 சதவீதம் குறைந்தது, வன்முறைக் குற்றம் பாதியானது. இதை மட்டும் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வாதாடுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அதே காலத்தில் அங்கே போலீஸ் தேடுதல் வேட்டை நடந்தது, பாழடைந்த வீடுகள் மீது நகராட்சி நடவடிக்கை எடுத்தது, வீடு வாங்கக் கடன் உதவியும் கிடைத்தது. எவ்வளவு தெருவை அடைத்ததால், எவ்வளவு மற்றதால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஏட்டு_ஓய்வு

டேட்டனில் வந்தது கார். சென்னையில் செயின் பறிக்க வருவது பைக். இந்த ஒரு வித்தியாசத்திலேயே பாதி விடை இருக்கிறது.

முறை பெரும்பாலும் ஒன்றுதான். பைக்கில் இரண்டு பேர், பின்னால் இருப்பவன் பறிப்பான். வண்டியே திருட்டு வண்டியாக இருக்கும், இல்லையென்றால் நம்பர் பிளேட்டை மடித்தோ மறைத்தோ வைத்திருப்பார்கள். தெரு முனைக்குக் கிட்ட, பெரிய சாலை இருபது முப்பது அடியில் இருக்கிற இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பறித்த கையோடு நெரிசலில் கலந்துவிட வேண்டும், அதுதான் அவர்கள் கணக்கு. ஆகவே மூடிய முனை அவர்களுக்குப் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் மூடியது பைக்குக்கும் மூடியிருக்க வேண்டும். ஆள் நடக்க மூன்றடி விட்டால் பைக் அதில் புகுந்து போய்விடும், துரத்தி வரும் ரோந்து ஜீப்தான் கேட்டுக்கு முன்னால் நிற்கும். அப்படிப்பட்ட கேட் திருடனுக்குத்தான் சாதகம்.

முதலில் ஸ்டேஷனில் கேளுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த முனை, எந்தப் பக்கம் ஓடினான். எல்லாமே மேற்கு முனையில் நடந்திருந்தால் கிழக்கில் கேட் போட்டு என்ன பயன்? வீடு புகுந்து திருடுபவன் பெரும்பாலும் நடந்தே வருவான், பகலில் பூட்டிய வீட்டை நோட்டம் விட்டுவிட்டு. அவனுக்கு இந்தக் கேட் ஒரு பொருட்டே இல்லை.

தடையில்லா_நடை

ஏட்டு ஐயா சொன்ன மூன்றடிக்குக் கணக்கு இருக்கிறது. சக்கர நாற்காலி போகக் குறைந்தது 90 செ.மீ. வேண்டும், தூண்களுக்கு நடுவே 1.2 மீட்டர் விடுவது நல்ல வழக்கம். ஆக்டிவாவின் அகலம் 70 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. பல்சர் 150 ஏறக்குறைய 77. சக்கர நாற்காலி போகிற எந்த நேர் இடைவெளியிலும் பைக் போகும். பைக்கை நிறுத்துகிற அளவுக்கு இடைவெளியைக் குறுக்கினால் முதலில் நிற்பது மாற்றுத்திறனாளிகளும் குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. வழக்குப் போட்டால் அந்தத் தடை நிற்காது.

சாலைக்கோடு

இதற்கு ஓரளவு தீர்வு உண்டு. அகலத்தை விட்டுவிட்டு நீளத்தில் விளையாட வேண்டும். இரண்டு கம்பித் தடுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்று இடப்பக்கச் சுவரிலிருந்து, மற்றது வலப்பக்கச் சுவரிலிருந்து, ஒன்றையொன்று சற்றே தாண்டும்படி வையுங்கள். நடுவில் 1.5 மீட்டர். சக்கர நாற்காலி திரும்ப அந்த வட்டம் போதும். பைக்கின் நீளம் 2 மீட்டர். ஓட்டிக்கொண்டே போக முடியாது, காலை ஊன்றி முன்னும் பின்னும் நகர்த்தித்தான் எடுக்க வேண்டும். முழுத் தடை என்று சொல்ல மாட்டேன். பாய்ந்து ஓடுவதை மட்டும் கெடுக்கும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. காய்கறித் தள்ளுவண்டியும் மீன்பாடி வண்டியும் அதில் நுழையாது. அந்த வியாபாரி எந்த வழியாக வருவார் என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள்.

மொட்டைமாடி

இவ்வளவு எதற்கு? கேட் போடுங்கள், வாட்ச்மேன் வெளியாளை நிறுத்திப் பெயர், நம்பர் எழுதட்டும். பயம் இருந்தால் எவனும் வர மாட்டான்.

வழக்காடு_மன்றம்

மொட்டைமாடி சார், அந்தத் தெரு யாருடையது? அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் என்றால் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கும். அதன்பிறகு அது பொதுச்சாலை. சங்கம் காசு போட்டு விளக்கு மாட்டியது, மரம் வைத்தது எதுவும் அந்த உரிமையை மாற்றாது. பொதுச்சாலையில் நடப்பவரை நிறுத்திப் பெயர் கேட்க வாட்ச்மேனுக்கு எந்த அதிகாரமும் இல்லை. அனுமதியில்லாமல் கேட் போட்டால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதா 285ஆம் பிரிவின் கீழ் 5,000 ரூபாய் வரை அபராதம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவின் கீழ் நிர்வாக நடுவர் அகற்றச் சொல்லி உத்தரவு போடலாம். யாராவது ஒரே ஒருவர் மனு கொடுத்தால் போதும்.

சட்டப்படி செய்ய வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 115ஆம் பிரிவு, பொதுப் பாதுகாப்பு, வசதி, சாலையின் தன்மை ஆகியவற்றுக்காகக் குறிப்பிட்ட சாலையில் வண்டிகளைத் தடைசெய்யவோ கட்டுப்படுத்தவோ அரசுக்கும் அது அதிகாரம் அளித்தவர்க்கும் உரிமை தருகிறது. தடை ஒரு மாதத்துக்கு மேல் என்றால் அரசிதழில் அறிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் என்றால் அரசிதழ் தேவையில்லை, உள்ளூரில் விளம்பரம் செய்தால் போதும். சோதனை ஓட்டத்துக்கு இது கைகொடுக்கும். மனு போக்குவரத்துக் காவலுக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் சேர்ந்தே போகட்டும். ஏரியா சபைக் கூட்டத்தில் வைத்து, எதிர்ப்பவர் பேச்சையும் பதிவு செய்து, அந்தக் குறிப்பை இணைத்தால் மனுவுக்குப் பலம்.

அதிகாரம் யாரிடம் என்பது எங்கேயும் சின்ன விஷயம் இல்லை. கலிபோர்னியாவில் பெர்க்லி நகரம் 1970களில் ஊர் முழுக்கத் தெருத் தடுப்புகள் வைத்தது. எடுக்கச் சொல்லி நடந்த வாக்கெடுப்பிலும் தடுப்புகளே வென்றன. ஆனாலும் அப்படி மறிக்க நகரத்துக்கு அதிகாரம் இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. பிறகு மாநிலச் சட்டத்தைத் திருத்தித்தான் தடுப்புகளைக் காப்பாற்ற முடிந்தது.

பூக்கூடை

வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பஸ்ஸில் இறங்கி நடந்து வருகிறார்கள். கிழக்கு முனையில் பஸ் நிறுத்தம் இருந்து அங்கே கேட் பூட்டியிருந்தால், 400 மீட்டர் தெருவுக்கு மேற்குப் பக்கமாகச் சுற்றி வர வேண்டும். ஒரு நாளில் மூன்று வீடு பார்க்கிறவருக்கு அது எவ்வளவு நேரம் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா? பூ, கீரை, பழைய பேப்பர் எடுப்பவர், அயர்ன் வண்டி, எல்லாருக்கும் இதே கதிதான். வெளியாள் என்று நீங்கள் சொல்கிற பட்டியலில் உங்கள் தெருவை நடத்துகிறவர்களே இருக்கிறார்கள்.

விடியற்காலையில் அந்தத் தெருவில் நடமாடுகிற ஒரே கூட்டமும் அவர்கள்தான். பால் போடுபவர், பேப்பர் போடுபவர், வேலைக்கு வருபவர். அவர்களை வேறு பக்கம் திருப்பிவிட்டால் கோலம் போடும் பெண் இன்னும் தனியாகத்தான் நிற்பாள்.

லண்டன்_கிழக்கு

பூக்கூடை அக்கா சொல்வதற்கு லண்டனில் ஆதாரம் இருக்கிறது. வால்தம் ஃபாரஸ்ட் பகுதியில் 2015 முதல் வரிசையாகக் குடியிருப்புத் தெருக்களைக் கார் கடந்துபோக முடியாதபடி மாற்றினார்கள். பூட்டு இல்லை, வாட்ச்மேன் இல்லை. பூந்தொட்டியும் தூணும்தான். நடப்பவரும் சைக்கிளும் தாராளமாகப் போகலாம். 2012 முதல் 2019 வரையான போலீஸ் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வில் தெருக் குற்றம் 10 சதவீதம் குறைந்தது, மூன்று ஆண்டு கடந்த இடங்களில் 18 சதவீதம். வன்முறையும் பாலியல் குற்றங்களும் கூடுதலாகவே குறைந்தன. சைக்கிள் திருட்டு மட்டும் கூடியது. பக்கத்துப் பகுதிக்குக் குற்றம் நகர்ந்ததாகத் தெரியவில்லை. தீயணைப்பு வண்டி வந்து சேரும் நேரமும் கூடவில்லை.

இதற்கு எளிய விளக்கம், கார் குறைந்ததும் ஆட்கள் தெருவில் நடக்க ஆரம்பித்தார்கள் என்பது. ஆளையும் சேர்த்து அடைக்கிற கேட்டில் இந்தப் பலன் கிடைக்காது.

ஏட்டு_ஓய்வு

லாஸ் ஏஞ்சலஸ் சேதியும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 1990இல் அந்த ஊர் போலீஸ் தெற்கு மத்தியப் பகுதியில் பத்து பிளாக் கொண்ட ஒரு வட்டாரத்தின் நுழைவுத் தெருக்களை மறித்தது. காரில் வந்து சுட்டுவிட்டு ஓடும் கும்பல்களை நிறுத்துவதுதான் நோக்கம். தடுப்பு இருந்த இரண்டு ஆண்டும் கொலையும் தாக்குதலும் குறைந்தன. திட்டம் ஓய்ந்ததும் மறுபடி ஏறின. சொத்துத் திருட்டில் தடுப்பால் வந்த மாற்றம் எதுவும் தெரியவில்லை. எந்தக் குற்றத்துக்குக் கார் வேண்டுமோ அது குறைந்தது. உங்கள் குற்றத்துக்குக் கார் வேண்டாம்.

மூன்றாம் கண் திட்டத்தில் சென்னை முழுக்கக் கேமரா வைத்தபோது நடந்ததைப் பாருங்கள். வண்டி எங்கிருந்து வந்து எங்கே போனது என்று தெரு தெருவாகத் தொடர்ந்து போக முடிந்தது. கேட்டுக்கு ஒதுக்குகிற பணத்தில் இரண்டு முனையிலும் நம்பர் பிளேட் படிக்கிற உயரத்தில் கேமரா வையுங்கள். மூன்றாவது மாடியில் வைத்தால் தலைமுடிதான் தெரியும். எட்டு, ஒன்பது அடி உயரம், வண்டி எதிரே வருகிற கோணம், எதிர் விளக்கு கண்ணைப் பறிக்காத பக்கம்.

தண்ணி_லாரி

நம் தெருவுக்குள் வரும் லாரி, குப்பை வண்டி, தீயணைப்பு வண்டி பற்றி யாரும் பேசவில்லையே. கிழக்கு முனையை அடைத்தால் தண்ணீர் லாரி திரும்ப இடமில்லை. 400 மீட்டர் பின்னாலேயே வர வேண்டும், இரண்டு பக்கமும் கார், நடுவில் பிள்ளைகள். கேட் போட்ட தெருக்களில் நடக்கிற விபத்து இதுதான். கேட் போடுகிறவர்கள் கண்ணுக்கு இது தெரிவதே இல்லை.

பூட்டின சாவி செயலாளர் வீட்டில் இருக்கும், அவர் ஊருக்குப் போயிருப்பார். 108 வந்து நிற்கும்.

சாலைக்கோடு

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் முனையில் மறிப்பதை விட நடுவில், இரண்டு தெரு சந்திக்கும் இடத்தில், மூலைக்கு மூலை சாய்வாகத் திண்டு வைப்பது பல ஊர்களில் நடக்கிறது. நான்கு வழிச் சந்திப்பு இரண்டு தனி வளைவாக மாறும். எந்தத் தெருவும் முட்டுச்சந்து ஆகாது, வண்டி வந்தால் திரும்பி வேறு தெரு வழியாக வெளியே போகும். குறுக்கே பாய்கிறவனுக்கு மட்டும் நேர்வழி போய்விடும். உங்கள் ஐந்து தெருவுக்கும் நடுவே ஒரு இணைப்புத் தெரு ஓடுகிறதா? ஓடினால் இதைப் பரிசீலியுங்கள். 30 அடி ரோட்டில் வளைவு இறுக்கமாக இருக்கும். லாரி திரும்ப வெளி விளிம்பில் குறைந்தது 12 மீட்டர் அளவு ஆரம் வேண்டும், முனைகளில் கார் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் லாரி சிக்கிக்கொள்ளும்.

இணைப்புத் தெரு இல்லையென்றால் தூண் வரிசைதான். 30 அடி என்பது 9.1 மீட்டர். 115 மி.மீ. இரும்புக் குழாய்க்குள் கான்கிரீட் நிரப்பிய தூண் ஆறு, நடுவே 1.2 மீட்டர் இடைவெளி ஏழு. கணக்குச் சரியாக வரும். நடுவிலுள்ள மூன்றாவதையும் நான்காவதையும் கழற்றக்கூடியதாக வைத்தால் 3.8 மீட்டர் திறக்கும். பிரிட்டனில் தீயணைப்பு வண்டிப் பாதைக்குக் குறைந்த அகலம் 3.7 மீட்டர், கேட் வாசலுக்கு 3.1. இரண்டுக்கும் இந்த 3.8 போதும். ஆட்டோ மட்டும் போகட்டும், கார் வேண்டாம் என்றால் ஒரு இடைவெளியை 1.4 மீட்டராக விடலாம். ஆட்டோ அகலம் 1.3, ஆல்டோ ஏறக்குறைய 1.5. முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஆட்டோவில்தான் போகிறார்கள், அதனால் இதை நான் வலியுறுத்துவேன்.

தூணுக்குத் தோண்டும் முன் மின்வாரியம், குடிநீர் வாரியம் இரண்டிடமும் கேட்டுவிடுங்கள். 60 செ.மீ. குழியில் கேபிள் வந்து நிற்பது சென்னையில் சகஜம். கழற்றும் தூணின் குழியில் மண்ணும் மழைத் தண்ணீரும் இறங்கி, இரண்டே மழைக்காலத்தில் துருப்பிடித்துச் சிக்கிவிடும். குழி அடியில் தண்ணீர் வடியத் துளை, மாதம் ஒருமுறை கழற்றிக் கிரீஸ். தீயணைப்பு நிலையம், காவல் நிலையம் இரண்டிடமும் ஒரே சாவி. தூண் ஒவ்வொன்றிலும் இரண்டு ஒளிரும் பட்டை, 30 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை. இருட்டில் தெரியாத தடுப்பில் மோதி பைக் ஓட்டி இறந்தால் அதற்கு வைத்தவர்தான் பொறுப்பு.

மழைநீர்_வாய்

வடகிழக்குப் பருவமழையை மறந்துவிடாதீர்கள். கான்கிரீட் திண்டு தெருவின் சரிவுக்குக் குறுக்கே வந்தால் மேல்பக்க வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும். சரிவு எந்தப் பக்கம் என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தாலே தெரியும். மழைநீர் வடிகாலின் சல்லடை மேல் பூந்தொட்டி வைக்காதீர்கள்.

சோதனைக்கு வைக்கிற ஆரஞ்சு பிளாஸ்டிக் தடுப்புகளில் தண்ணீர் நிரப்பி மூடியைத் தொலைத்துவிடுவார்கள். ஒரு வாரத்தில் அதில் கொசுப் புழு நெளியும், டெங்கு கொசுவுக்கு அது நல்ல தொட்டி. மணல் நிரப்புங்கள்.

குறுக்குத்தெரு_5

எல்லாருக்கும் நன்றி. சங்கத்தில் வைக்கப்போகும் மாற்றுத் திட்டம் இது. பூட்டுக் கேட் கிடையாது. முதலில் நம்பர் பிளேட் கணக்கு. பிறகு மூன்று தெருக்களில் ஒரு மாதச் சோதனை, மணல் நிரப்பிய தடுப்பு, ஆட்டோவுக்கு ஒரு வழி. செயின் பறிப்புக்குத் தனியாகக் கேமராவும் முனைகளில் வெளிச்சமும். சோதனையில் குற்றம் குறைந்ததா என்று ஒரு மாதத்தில் சொல்ல முடியுமா?

ஏட்டு_ஓய்வு

முடியாது தம்பி. ஆண்டுக்கு நான்கைந்து சம்பவம் நடக்கிற இடத்தில் ஒரு மாதம் எதுவும் நடக்காமல் போவது சாதாரணம். தடுப்பு இல்லாமலே அப்படித்தான் இருக்கும். குற்றம் உச்சத்தில் இருக்கும்போதுதான் எல்லாரும் கேட் கேட்பார்கள், அதன்பிறகு அது தானாகவே இறங்கும். அந்த இறக்கத்தைக் கேட்டின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். குறைந்தது இரண்டு ஆண்டு, பக்கத்துப் பேட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாலைக்கோடு

போக்குவரத்துக்கு ஒரு மாதம் போதும், ஆனால் முதல் வாரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். பழக்கத்தில் வந்து முட்டித் திரும்புகிறவர்கள் அந்த வாரம் அதிகம். கூகுள் மேப்ஸில் மூடியதாகத் திருத்தம் கொடுங்கள், இல்லாவிட்டால் உணவு டெலிவரி வண்டிகள் மாதம் முழுக்க வந்து முட்டும். தடுப்பு வைக்காத மற்ற இரண்டு தெருவிலும், இரண்டு பெரிய சாலையிலும், முன்பும் பின்பும் அதே நாள் அதே மணியில் எண்ணுங்கள். உங்கள் மூன்று தெருவின் வண்டிகள் பக்கத்து இரண்டில் ஏறியிருந்தால் திட்டத்தை மாற்ற வேண்டும், அங்கே இருப்பவர்களும் வரி கட்டுகிறவர்கள்தான்.

பூக்கூடை

ஒரு சேர்க்கை. சோதனைக்கு முன்னால் வைக்கிற அறிவிப்புப் பலகை, வேலைக்கு வருகிறவர்களும் வியாபாரிகளும் படிக்கிற பெரிய தமிழ் எழுத்தில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எந்தத் தெரு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, நடக்க வழி உண்டு, யாரிடம் குறை சொல்வது என்று போடுங்கள். ஏரியா சபைக் கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்கள், மாலை 6 மணிக்கு மேல் வைத்தால்தான் வர முடியும்.